கேட்டவர்கள் காத்த குரல்கள்

இறைநம்பிக்கைக்குச் செவியே வாயில் என்பதைத் தூய பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் எடுத்துரைத்தார். திருவள்ளுவரோ கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாது, கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். இவ்வளவு இருந்தும், சொல்பவர் இட்டதைத் தாங்கும் வெறும் கலமாகவே கேட்பவரை எண்ணிப் பழகிவிட்டோம். உண்மை அதுவன்று. சொல்லப்பட்டதைச் சில வேளைகளில் கேட்பவரே காக்கிறார். சில வேளைகளில் சொல்பவரின் வாயை அவரே அடைக்கிறார். எக்குரல் நிலைக்கும், எக்குரல் காற்றோடு போகும் என்பதில் கேட்பவருக்குப் பெரும் பங்கு உண்டு.

இதற்குச் சான்று தேடி இம்முறை ஆலய முற்றத்தைவிட்டுச் சற்றுத் தொலைவு செல்வோம். இங்கிலாந்தில் 2019-ஆம் ஆண்டு, உலக மகளிர் நாளையொட்டி, 'மார்ச் எட்டாம் நாள்' என்று பொருள்படும் தலைப்பில் ஓர் ஒலி நாடகத் தொகுப்பு வெளிவந்தது. நான்கு அறிவியல் புனைகதைகள். நான்கிலும் பெண்களே தலைமை மாந்தர். லிசா மக்மல்லின், லிசி ஹாப்லி, ஜெம்மா லாங்ஃபோர்ட், சாரா க்ரோச்சலா ஆகிய நான்கு பெண்கள் எழுத, ஹெலன் கோல்ட்வின் என்னும் பெண்மணி நெறியாள்கை செய்தார். உலக நடப்பில் இது சிறிய செய்திதான். ஆயினும் அந்நாடகங்களைக் கேட்கக் காத்திருந்த நேயர் கூட்டத்துக்கு அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அன்பு எப்போது காவலாகிறது, எப்போது ஆதிக்கமாகிறது என்ற வினா அவ்வரலாற்றின் உள்ளீடாக இருப்பதால், அது நமக்கும் உரியதாகிறது.

பெயரில்லாப் பெண்கள்

1953-இல் பி.பி.சி. வானொலி, 'விண்வெளிப் பயணம்' என்னும் பொருளுடைய தொடர் நாடகம் ஒன்றை ஒலிபரப்பத் தொடங்கியது. நாடெங்கும் மக்கள் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்து அமர்ந்து கேட்டனர். நிலவுக்குச் சென்ற அந்தக் கலத்தில் நால்வர் இருந்தனர், நால்வரும் ஆண்கள். விண்வெளி என்றால் அது ஆண்களின் வெளி என்றே அக்காலம் எண்ணியது.

பத்தாண்டுகள் கழித்து, 1963 நவம்பர் 23 அன்று பி.பி.சி. தொலைக்காட்சியில் 'டாக்டர் ஹூ' என்னும் தொடர் தொடங்கிற்று. காலத்தையும் வெளியையும் கடந்து செல்லும் முதியவர் ஒருவரும், அவருடன் பயணம் செய்யும் துணைவர்களுமே அதன் மாந்தர்கள். அத்தொடரை முதலில் தயாரித்தவர் வெரிட்டி லாம்பர்ட் என்னும் 27 வயதுப் பெண். பி.பி.சி. நாடகப் பிரிவில் அன்று அவர் ஒருவரே பெண் தயாரிப்பாளர். முதற் கதையை இயக்கிய வாரிஸ் உசேன் இலக்னோவில் பிறந்தவர்; அவருக்கும் அப்போது முப்பது வயது நிரம்பவில்லை. இளம் பெண்ணொருவரும் இந்திய இளைஞர் ஒருவரும் தொடங்கிவைத்த பணி அது.

அத்தொடரின் முகப்பிசையின் வரலாறு இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. ரான் கிரெய்னர் எழுதித் தந்த இசைக்குறிப்பை எவரும் அதுவரை கேட்டிராத ஒலியாக மாற்றியவர் டீலியா டெர்பிஷயர். 1940-இல் குண்டுவீச்சால் சிதைந்த கொவன்ட்ரி நகரில் பிள்ளைப் பருவத்தைக் கழித்த அவர், வான்தாக்குதல் எச்சரிக்கைச் சங்கின் ஓசையே தம் செவியைப் பழக்கியது என்று பின்னாளில் நினைவுகூர்ந்தார். கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் பயின்ற அவர் 1959-இல் இசைத்தட்டு நிறுவனம் ஒன்றில் வேலை கேட்டபோது, ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களை வைத்துக்கொள்வதில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார். பின்பு பி.பி.சி.யின் ஒலிப் பணிமனையில் சேர்ந்து, ஒலிநாடாவை அங்குலம் அங்குலமாக வெட்டி ஒட்டி அந்த இசையை உருவாக்கினார். தாம் எழுதியதைக் கேட்ட கிரெய்னரே வியந்து, உரிமையில் அவருக்கும் பங்கு தர விரும்பினார். பணிமனையினர் பெயரின்றி உழைப்பதே விதி என்று நிர்வாகம் அதை ஏற்கவில்லை. டீலியா 2001-இல் இறந்தார். திரையில் அவர் பெயர் முதன்முதலாக வந்தது 2013-இல், தொடரின் பொன்விழாச் சிறப்புக் காட்சியில்தான்.

ஆக, படைத்தவர்களுள் பெண்கள் இருந்தனர். ஆனால் கதைக்குள் பெண்ணுக்குக் கிடைத்த இடம் குறுகியது. துணைவியாக வரும் பெண் அச்சத்தில் அலறுவாள். என்ன நடக்கிறது என்று கேட்பாள். அந்தக் கேள்விக்கு நாயகர் விடை சொல்லும்போது பார்ப்பவர்க்கும் கதை விளங்கும். கேள்வி கேட்கவும் காப்பாற்றப்படவும் அவள் தேவைப்பட்டாள். அதற்கு விலக்காகத் துணிவுடன் வந்த பெண்கள் சிலரே.

அழிந்த படமும் அழியாத ஒலியும்

அக்காலத்தில் ஒளிநாடா விலை மிகுந்தது. மறு ஒளிபரப்புக்கு வாய்ப்பும் குறைவு. ஆதலால் பி.பி.சி. பழைய நிகழ்ச்சிகளை அழித்து, அதே நாடாவில் புதியவற்றைப் பதிவு செய்தது. 1978 வரை தொடர்ந்த இப்பழக்கத்தால் 'டாக்டர் ஹூ'வின் பல பகுதிகள் மறைந்தன. தேடித் தேடி மீட்டவை போக, தொண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகளின் படம் கிடைக்காமலே போயிற்று.

ஆனால் அவற்றுள் ஒன்றின் ஒலியும் அழியவில்லை. இது எப்படி நிகழ்ந்தது? வீடுகளில் ஒளிப்பதிவுக் கருவி இல்லாத அந்நாளில், இளம் இரசிகர்கள் சிலர் தொலைக்காட்சிப் பெட்டியின் ஒலிபெருக்கி முன் ஒலிவாங்கியை வைத்து, வாரந்தோறும் கதையின் ஒலியை மட்டும் நாடாவில் பதிவு செய்து வைத்தனர். மீண்டும் கேட்டு மகிழவே அவர்கள் அதைச் செய்தனர். பின்னாளில் அந்த நாடாக்களே மூலமாயின. அவற்றைக்கொண்டு பி.பி.சி.யே ஒலிப்பேழைகளும் குறுந்தகடுகளும் வெளியிட்டது. காணாமற்போன கதைகளுக்கு வரைபடக் காட்சிகளையும் அமைத்தது.

நிறுவனம் வீசியெறிந்ததை நேயர்கள் பொத்திப் பாதுகாத்தனர். எவரும் அவர்களுக்கு ஆணையிடவில்லை. எவரும் ஊதியம் தரவில்லை. குருக்கள் இல்லாத காலத்தில் செபங்களையும் பாடல்களையும் மனப்பாடமாகக் காத்து, அடுத்த தலைமுறைக்குக் கொடுத்த பாட்டிமார்களின் நினைவு நமக்கு வராமல் போகாது. கேட்ட அன்பே காவலாக மாறிய வரலாறு இது.

ஐம்பத்தைந்து வயது நாயகி

1989-இல் அத்தொடர் நிறுத்தப்பட்டது. நேயர்கள் கலைந்துபோகவில்லை. முன்னரே தம் சொந்த முயற்சியில் ஒலி நாடகங்களைப் பதிவு செய்து தங்களுக்குள் பகிர்ந்துவந்த இளைஞர்களுள் சிலர், பின்பு 'பிக் ஃபினிஷ்' என்னும் ஒலி நாடக நிறுவனத்தின் பணியில் முன்னின்றனர். 1998-இல் அந்நிறுவனம் வெளியிட்ட முதல் நாடகத்தின் தலைமை மாந்தர் ஒரு பெண்: 26-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தொல்லியல் அறிஞர் பெர்னிஸ் சம்மர்ஃபீல்ட். லிசா பவர்மன் குரல் கொடுத்தார். அந்த நாடகங்களுக்குக் கிடைத்த வரவேற்பு நிறுவனத்தை நிலைநிறுத்தியது. அடுத்த ஆண்டே 'டாக்டர் ஹூ' நாடகங்களை ஒலி வடிவில் உருவாக்க பி.பி.சி. இசைவு தந்தது.

2000-ஆம் ஆண்டில் வந்த ஒரு நாடகம் கத்தோலிக்கராகிய நாம் சற்று நின்று நோக்கத்தக்கது. 'மேரியின் காலத்துச் சதி' என்று அதன் தலைப்பைத் தமிழில் கூறலாம். எழுதியவர் ஜாக்குலின் ரெய்னர். அதில் ஈவ்லின் ஸ்மைத் என்னும் புதிய துணைவியார் அறிமுகமானார். அவருக்கு வயது 55. பல்கலைக்கழகத்தில் வரலாற்று ஆசிரியை. முழங்கால் வலியும் இனிப்பின்மேல் ஆசையும் உள்ளவர். அவர் டாக்டருடன் 16-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்கு, கத்தோலிக்க அரசி முதலாம் மேரியின் காலத்துக்குச் செல்கிறார். அந்த அரசியின் ஆட்சியில் (1553–1558) ஏறத்தாழ 300 சீர்திருத்தச் சபையினர் எரிக்கப்பட்டனர். அவருக்குப்பின் வந்த எலிசபெத்தின் ஆட்சியில் எட்மண்ட் கேம்பியன் முதலான கத்தோலிக்கக் குருக்கள் கொல்லப்பட்டனர். வென்றவர்கள் எழுதிய வரலாறு மேரியைக் குருதி வெறியராக மட்டுமே காட்டியது. அந்த நாடகமோ அவர் காலத்துக் கொடுமையை மறைக்காமலேயே, தனிமையில் வாடிய ஒரு பெண்ணாகவும் அவரைக் கேட்கச் செய்தது. குற்றத்தை மறைக்காமல் மனிதரைக் காண்பது நாமும் நம் வரலாற்றின்முன் பயிலவேண்டிய பார்வையே.

ஈவ்லினாக நடித்த மேகி ஸ்டேபிள்ஸ் இரசிகர்களின் நெஞ்சில் நிலையான இடம் பெற்றார். தொலைக்காட்சியில் அவமதிப்போடு விலக்கப்பட்டிருந்த ஆறாவது டாக்டராகிய காலின் பேக்கரின் பெயரை இந்த நாடகங்களே மீட்டன என்று இரசிகர்கள் பரவலாகக் கூறுவதுண்டு. ஆணவம் மிக்க அந்நாயகரை அன்புள்ள அத்தையைப் போலக் கண்டித்துத் திருத்த, ஈவ்லின் அருகில் இருந்தார் அல்லவா! 2014-இல் மேகி ஸ்டேபிள்ஸ் மறைந்தபோது, நேரில் ஒருமுறையும் கண்டிராதவர்களும் தம் வீட்டுப் பெரியவரை இழந்தது போல் வருந்தினர்.

இங்கே ஒலியின் தனிச்சிறப்பு விளங்குகிறது. திரை, பெண்ணின் முகத்தில் சுருக்கம் விழுந்ததும் அவளை ஓரத்துக்கு அனுப்புகிறது. செவி அவ்வாறு செய்வதில்லை. 1977-இல் லீலாவாக நடித்த லூயீஸ் ஜேம்சனும், 1987-இல் ஏஸ் ஆக நடித்த சோஃபி ஆல்ட்ரெடும் பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் அதே மாந்தர்களாக ஒலிக்க முடிந்தது. முகத்தைக் கடந்து ஆளைக் காண ஒலி நாடகம் நேயர்களைப் பழக்கியது.

துணைவியர் சாட்சிகளாயினர்

2007-இல் 'துணைவர்களின் வரலாறு' என்று கொள்ளத்தக்க ஒரு வரிசை தொடங்கியது. அதற்கு வழிவகுத்தது ஓர் இழப்பு. முதல் மூன்று டாக்டர்களாக நடித்தவர்கள் இறந்துவிட்டனர். நான்காமவர் அப்போது இந்த ஒலி நாடகங்களில் பங்கேற்கவில்லை. நாயகர் இல்லாமல் கதையை எப்படிச் சொல்வது? அவரோடு நடந்தவர்கள் சொல்லட்டும் என்று முடிவாயிற்று. முதல் நான்கு நாடகங்களையும் மொரீன் ஓ'பிரையன், வெண்டி பேட்பரி, கேரலைன் ஜான், லாலா வார்டு ஆகிய நான்கு பெண்களே எடுத்துரைத்தனர். முன்பு கேள்வி மட்டுமே கேட்டவள் இப்போது தன் கண்ணால் கண்டதைத் தன் சொல்லால் உரைத்தாள். பின்தொடர்ந்தவள் சாட்சியானாள். இவ்வரிசையின் பல நாடகங்களை நெறிப்படுத்தியவர், முதலில் பெர்னிஸாக ஒலித்த லிசா பவர்மனே.

இவற்றுள் நேயர்கள் மிகவும் போற்றியது, 2008-இல் சைமன் குரியர் எழுத, ஜீன் மார்ஷ் நடித்த நாடகம். அவர் ஏற்ற சாரா கிங்டம் என்னும் மாந்தர், 1965–66-இல் ஒளிபரப்பான பன்னிரு பகுதிக் கதையில் வருபவள். மேலிடத்து ஆணையை நம்பித் தன் உடன்பிறந்தவனையே சுட்டுக் கொன்றவள். உண்மை அறிந்தபின் மனம் நொந்து, தீமைக்கு எதிராகப் போராடி அக்கதையின் முடிவில் மடிந்தவள். அக்கதையின் படமும் பெரும்பாலும் அழிந்தது. நாற்பது ஆண்டுகளுக்குப்பின் ஒலி நாடகம் அவளை மீண்டும் பேசவைத்தது. ஈலி நகரில் ஒரு தனி வீடு. அதில் அவளது நினைவு மட்டும் குரலாய்த் தங்கியிருக்கிறது. அவ்வீட்டுக்கு விசாரணைக்கு வந்த ஒருவனிடம் அவள் தன் கதையைச் சொல்கிறாள். குற்றத்தைச் சுமந்த ஓர் உள்ளம் தன்னைக் கேட்கும் ஒருவருக்காகக் காத்திருப்பதை இதைவிட எளிமையாகக் காட்ட இயலாது. ஒப்புரவு அருளடையாளத்தை அறிந்த நமக்கு, கேட்கப்படுவதே குணமடைதலின் தொடக்கம் என்பது புதிதன்று. ஜீன் மார்ஷ் 2025-இல் இறந்தார். அக்குரல் இன்னும் ஒலிக்கிறது.

அன்பு உரிமை கொண்டாடியபோது

2005-இல் தொடர் தொலைக்காட்சிக்குத் திரும்பியது. 2017 ஜூலை 16 அன்று, அடுத்த டாக்டராக ஜோடி விட்டேக்கர் என்னும் நடிகை வருவார் என்று அறிவிக்கப்பட்டது. ஐம்பத்து மூன்று ஆண்டுகளாக ஆண்களே ஏற்ற வேடம் அது. இரசிகர் கூட்டம் இரண்டுபட்டது. மகிழ்ச்சிக் கண்ணீர் வடித்தவர்கள் ஒருபுறம். இனி இத்தொடரைப் பார்க்கமாட்டோம் என்று சூளுரைத்தவர்கள் மறுபுறம். பழைய டாக்டர்களுள்ளும் கருத்து மாறுபட்டது. வன்முறையை நாடாத ஒரு நல்ல முன்மாதிரியை ஆண் பிள்ளைகள் இழப்பார்களே என்று பீட்டர் டேவிசன் கவலைப்பட்டார். முன்மாதிரி தன் பாலினத்தைச் சேர்ந்தவராகத்தான் இருக்க வேண்டுமா என்று காலின் பேக்கர் எதிர்வினா எழுப்பினார். டேவிசனின் கவலையை நாம் ஏளனம் செய்ய வேண்டியதில்லை. அது பிள்ளைகள்மேல் கொண்ட பரிவில் பிறந்தது. ஆனால் சினத்தோடு எழுந்த பல குரல்களில் பரிவைவிட உடைமையுணர்வே மேலோங்கி ஒலித்தது. 'இது எம்முடையது, இதில் கை வைக்க நீ யார்?' என்பதே அவற்றின் சாரம்.

அந்தப் பூசல் ஆறாத வேளையில்தான், தொடக்கத்தில் நாம் குறிப்பிட்ட 2019-ஆம் ஆண்டுத் தொகுப்பு வந்தது. தொலைக்காட்சித் திரையில் ஒருபோதும் சந்தித்திராத பெண்கள் சிலரும் அதில் சந்தித்தனர். ரிவர் சாங் என்னும் அறிஞரோடு வேட்டைக்குடியில் பிறந்த லீலா. பெர்னிஸோடு அவளுடைய பழைய தோழி ஏஸ். விக்டோரியா காலத்து லண்டனில் துப்பறியும் குழு. இன்றைய பிரிட்டனைக் காக்கும் கேட் ஸ்டூவர்ட்டும் அறிவியலாளர் ஆஸ்குட்டும். வெவ்வேறு பத்தாண்டுகளில் இவர்களை நேசித்த தாயும் மகளும் ஒரே நாடகத்தைக் கேட்டு மகிழ இடமுண்டாயிற்று. இத்தகைய முயற்சிகளுக்கு எதிரே வழக்கமாக எழும் வினாக்கள் இரண்டு. 'பெண்களுக்கென்று தனித் தொகுப்பு எதற்கு?' என்பது ஒன்று. 'ஆண்டுக்கு ஒரு நாள் மட்டும் போதுமா?' என்பது மற்றொன்று. முன்னது விருப்பமின்மையிலும் பின்னது பேரார்வத்திலும் பிறக்கலாம். முன்னதற்கு விடையாக அந்தத் தொகுப்பின் மாந்தர்களுள் பலரும் முன்னும் பின்னும் தமக்கெனத் தனி நாடக வரிசைகளைப் பெற்றுள்ளனர். பின்னதற்கு விடையாக, அதே பெயரில் மற்றொரு தொகுப்பும் 2022-இல் வந்தது.

திருவழிபாட்டு ஆண்டை அறிந்த நமக்கு இவ்விரு வினாக்களும் குழப்பம் தருவதில்லை. ஒரு புனிதருக்கு ஒரு நாளைத் திருச்சபை ஒதுக்குவது ஏனைய நாள்களில் அவரை மறப்பதற்காக அன்று; ஏனைய நாள்களிலும் அவரை நினைக்கக் கற்பதற்காக.

பிதற்றல் என்று எண்ணப்பட்ட செய்தி

உயிர்த்த ஆண்டவரின் கல்லறையிலிருந்து செய்தி கொண்டுவந்தவர்கள் பெண்கள். அதைக் கேட்ட திருத்தூதர்களோ அதனை வெற்றுப் பேச்சாகக் கருதி நம்பவில்லை என்று லூக்கா மறைக்காமல் எழுதிவைத்தார். மாபெரும் நற்செய்தி முதலில் எதிர்கொண்டது கேட்பவரின் ஐயத்தை. பின்னரும் மகதலா மரியாவின் குரல் தெளிவாகக் கேட்கப்படவில்லை. 591-ஆம் ஆண்டளவில் பெரிய கிரகோரியார் ஆற்றிய மறையுரை, அவரையும் லூக்கா குறிப்பிடும் பெயர் தெரியாத பாவிப் பெண்ணையும் ஒருவராகவே கொண்டது. அதன்பின் நெடுங்காலம் சாட்சியாளர் மறைந்து, அழும் பாவி மட்டுமே நம் ஓவியங்களில் நின்றார். 1969-இல் வழிபாட்டு நாள்காட்டி சீரமைக்கப்பட்டபோது அக்குழப்பம் நீங்கியது. 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ், ஜூலை 22-ஆம் நாளைத் திருத்தூதர்களின் விழாக்களுக்கு இணையான விழாவாக உயர்த்தினார். ஒரு பெண்ணின் குரலைச் சரியாகக் கேட்க நமக்கு எத்தனை நூற்றாண்டுகள் தேவைப்பட்டன!

வாசகப் பணியின் கதையும் அத்தகையதே. 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அப்பணியைப் பொதுநிலையினருக்குத் திறந்தார்; ஆயினும் முறைப்படி அதில் நியமிக்கப்பட ஆண்களுக்கே இடமிருந்தது. பங்குகளில் பெண்கள் வாசித்தபோதும் அது தற்காலிக ஏற்பாடாகவே இருந்தது. 2021 சனவரி 10 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் வாசகர், பீடத்துணைவர் பணிகளைப் பெண்களுக்கும் முறையாகத் திறந்துவிட்டார். அப்போதும் நம்மிடையே முணுமுணுப்பு எழாமல் இல்லை. அதைச் செய்தவர்கள் விசுவாசம் அற்றவர்கள் அல்லர். தாம் அறிந்த வடிவை உயிராக நேசித்தவர்கள். 2017-இல் சினந்த இரசிகர்களும் அப்படித்தான்.

நேசம் பொய்யன்று. ஆனால் நேசத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒலிவாங்கியைப் பிடித்து அமர்ந்திருந்த அந்த இளைஞர்களின் வழி ஒன்று: கேட்டதைக் காத்து, பின்வருவோரிடம் கொடுத்தார்கள்; அது தமக்கு மட்டும் உரியது என்று சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொள்வோரின் வழி மற்றொன்று: கிடைத்ததைப் பூட்டி வைத்து, புதிய குரல் நுழையும்போது காதைப் பொத்திக்கொள்கிறார்கள். தம் கருவூலத்திலிருந்து பழையதோடு புதியதையும் எடுத்து வழங்கும் வீட்டுத் தலைவரை நம் ஆண்டவர் விண்ணரசின் சீடருக்கு உவமையாக்கினார். காப்பதும் கொடுப்பதும் அவரிடம் ஒரே செயலாக இருந்தன.

நம் பங்கில் பேசாமல் இருப்பவர்கள் யார், பேசியும் நாம் கேளாதிருப்பது யாருடைய குரலை என்று ஒவ்வொரு அன்பியமும் தன்னைத்தானே வினவிப் பார்க்கட்டும். செபமாலையைத் தலைமுறைகளாக முன்னின்று சொல்லும் பெண்கள் கூட்டத்தில் தங்கள் கருத்தைச் சொல்லும்போது, அதே செவியோடு நாம் கேட்கிறோமா? கல்லறைத் தோட்டத்திலிருந்து ஓடிவந்த பெண்ணை நம்பாதவர்களும் இறுதியில் நம்பினார்கள். அதனால்தான் அச்செய்தி நம்மை வந்தடைந்தது. அவள் கொண்டுவந்ததைக் கேட்டே நாம் கிறிஸ்தவர்களாக இருக்கிறோம்.